கார் வேலைக்கு நல்ல டார்க் ரெஞ்ச் எப்படிப் பார்த்து வாங்குவது?

கேட்டிருப்பவர் ராமேஸ்வரம்காரர். வீல் கழற்றி மாட்டுவது, ஆயில் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் பார்ப்பது எல்லாம் சொந்தக் காருக்குத் தானே செய்துகொள்கிறாராம். எந்த டார்க் ரெஞ்ச் வாங்கலாம், விலை கூடினதுதான் நல்லதா, டயர் கடையில் கன் (நட்டை வேகமாக முடுக்கும் இயந்திரம்) வைத்து ஏற்றிய நட்டை அதை வைத்துச் சரிபார்க்கலாமா என்று மூன்று கேள்வி. எனக்கு மண்டபம் பக்கம் ஒர்க்‌ஷாப். கார், லோடு ஆட்டோ, சமயத்தில் வல்லத்து இன்ஜின்கூட வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

டார்க் ரெஞ்ச் என்பது நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்கிற ரெஞ்ச். கிளிக் வகையில், நாம் வைத்த அளவு வந்ததும் டக் என்று சத்தம் வரும். கம்பெனி பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே ரெஞ்ச் என்பது நடக்காது. சிறிய கார்களின் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) வரை கேட்பார்கள். வண்டியோடு வந்த கையேட்டில் சரியான எண் இருக்கும், அதைத்தான் வைக்க வேண்டும். இதற்கு அரை இஞ்சு டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) 40 முதல் 200 வரை போகிற ரெஞ்ச் கச்சிதம். அதே ரெஞ்சை எடுத்து வால்வ் கவரின் 6 எம்எம் போல்ட்டில் வைத்தீர்கள் என்றால் தீர்ந்தது. அந்த போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் சுமார்தான் தேவை. பெரிய ரெஞ்ச் டக் என்று சொல்வதற்குள் அலுமினிய மரை வழித்துக்கொண்டு வந்துவிடும், பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டு உட்கார வேண்டியதுதான். பிளக்கும் அப்படித்தான். வாஷர் வைத்த 14 எம்எம் பிளக்குக்கு 25 பக்கம் போதும். ஆகவே பிளக், கவர் போல்ட் எல்லாம் நீங்களே செய்வதென்றால், 5 முதல் 25 வரை போகிற சின்ன ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும். வீல் மட்டும்தான் என்றால் பெரியது ஒன்றே போதும்.

ஐஎஸ்ஓ 6789 என்ற தரவிதி இருக்கிறது. அதன்படி ரெஞ்சின் உச்ச அளவில் 20 சதவீதத்திலிருந்து மேலேதான் துல்லியத்துக்கு உத்தரவாதம். 200 வரை போகிற ரெஞ்ச் என்றால் 40க்குக் கீழே அது சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் வேலை அளவின் நடுப்பகுதியில் விழுகிற மாதிரி வாங்குங்கள். உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் உள்ள, ஸ்கேல் வைத்த கிளிக் ரெஞ்சுக்குக் கூடக் குறைய 4 சதவீதம் வரை பிழையை அந்த விதி அனுமதிக்கிறது. நல்ல ரெஞ்சோடு ஒரு சான்று வரும். அதில் இருக்கும் சீரியல் எண்ணும் ரெஞ்சில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா, உச்ச அளவில் 20, 60, 100 சதவீதத்தில் சோதித்த அளவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணே இல்லாமல் அச்சடித்த காகிதம் வந்தால் அந்த ரெஞ்ச் வேண்டாம்.

வீட்டு உபயோகத்துக்கு ஸ்டான்லி மாதிரி இடைத்தர ரெஞ்ச் தாராளமாகப் போதும். நார்பார், டோனிச்சி எல்லாம் அருமையான சாமான், ஆனால் விலை பல மடங்கு. தினமும் இன்ஜின் கட்டுகிறவனுக்குத்தான் அந்தக் காசு திரும்பி வரும். டிஜிட்டல் ரெஞ்ச் கோணத்தையும் காட்டும் என்பார்கள். ஹெட் போல்ட்டை ஓர் அளவுக்கு இறுக்கி அதற்கு மேல் 90 டிகிரி திருப்பச் சொல்கிற இன்ஜின்களுக்கு அது வசதிதான். ஆனால் நம் பக்கத்துக் காற்றில் பேட்டரி முனையே பச்சை பூத்துவிடுகிறது. நான் கிளிக்கோடு நிறுத்திக்கொண்டேன், கோணத்துக்கு போல்ட் தலையில் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொள்கிறேன்.

இனி நம் ஊர் விஷயம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான் காற்று அடித்தாலும் உப்பு வந்து உட்காரும். நட்டில் நாம் போடும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உரசலுக்கே போய்விடும். மரையில் துரு இருந்தால் உரசல் இன்னும் கூடும். ரெஞ்ச் 100இல் டக் என்று சொல்லும், வீல் மட்டும் சரியாகப் பிடித்திருக்காது. துருவுக்குப் பயந்து ஸ்டட்டில் (நட்டு ஏறுகிற மரைக் கம்பியில்) கிரீஸ் தடவினால் நேர் எதிர். உரசல் குறைந்து அதே 100இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கையேட்டின் எண் பெரும்பாலும் சுத்தமான, காய்ந்த மரைக்குச் சொன்னது. அதனால் ரெஞ்சோடு சேர்த்து ஒரு கம்பி பிரஷும் வாங்கிவிடுங்கள். ஸ்டட்டைத் தேய்த்து, ஹப் முகத்தில் (வீல் உட்காரும் இடத்தில்) பொரிந்திருக்கும் துருவையும் சுரண்டி, துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அந்தத் துருப்பொரி இடையில் இருந்தால் நாலு நாள் ஓடியதும் நசுங்கும், நட்டு தளரும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் ஒரு தடவை மறுபடி பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரெஞ்சையும் அதே உப்புதான் தின்னும். ஸ்டிக்கரில் ஸ்கேல் ஒட்டியதை வாங்காதீர்கள், உலோகத்தில் வெட்டியதாகப் பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை எடுத்துவிட்டு லேசாக எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி வையுங்கள். மற்ற ஸ்பேனர்களைப் போல டீசலில் முக்கிக் கழுவவே கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து கிளிக் அளவு மாறிவிடும். வேலை முடிந்ததும் அளவை ஸ்கேலின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருக வேண்டாம். இறுகிய நட்டைக் கழற்ற இதை எடுக்கக் கூடாது, அதற்கு வீல் ஸ்பேனர் இருக்கிறது.

இழுக்கும்போது கைப்பிடியின் நடுவில் பிடித்து ஒரே சீராக இழுங்கள். டக் என்றதும் கையில் ஒரு சின்னத் தளர்வு தெரியும், அங்கேயே நிறுத்த வேண்டும். எங்கள் கடைக்கு வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் முதல் வாரம் "டக் டக் டக்" என்று மூன்று முறை அடிப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வருஷத்துக்கு ஒருமுறையோ 5000 தடவை இழுத்த பிறகோ, எது முந்துகிறதோ அப்போது அளவு சரிபார்ப்புக்கு அனுப்பச் சொல்கிறார்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகங்களை அவர்களுடைய இணையதளத்திலேயே தேடலாம். வீட்டில் ரெஞ்ச் நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சதுர முனையை வைஸில் கடித்து, ரெஞ்சைத் தரைக்கு இணையாக வையுங்கள். முனையின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடுவரை அளந்து, 40 சென்டிமீட்டர் என்றால் அந்த இடத்தில் கயிறு கட்டி, மீன் தராசில் நிறுத்த 20 கிலோ தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். 78 நியூட்டன் மீட்டர் சுமார் வரும், ரெஞ்சின் சொந்த எடைக்கு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். 70இல் வைத்தால் டக் என்று சொல்ல வேண்டும், 90இல் வைத்தால் சொல்லக் கூடாது. இது துல்லியச் சோதனை இல்லை, ஆனால் மோசமான ரெஞ்ச் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

கடைசிக் கேள்வி, கன் வைத்து ஏற்றிய நட்டு. 100இல் வைத்து இழுத்ததும் டக் என்றால், நட்டு 100க்குக் குறைவாக இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அது 100ஆ 180ஆ என்று ரெஞ்ச் சொல்லாது. வீல் ஸ்பேனரால் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதிரெதிராக ஏற்றி, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். கடையிலேயே "கன்னால் லேசாகப் பிடித்து விடுங்கண்ணே, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் இந்த வேலையும் மிச்சம்.