வாசகர் கேள்வி பதில்: குண்டு விழுந்த இடத்தில் எழும்பிய கோயில்கள்

கேள்வி: ஐயா, எங்கள் கிறிஸ்தவக் கோயில் இரண்டாம் உலக யுத்தத்தில் இடிந்து, ஐம்பதுகளில் காங்கிரீட்டில் திரும்பக் கட்டியது. மணிக்கூண்டு இல்லை, வளைவு இல்லை. நேர்ச்சுவர், தட்டைக் கூரை, அவ்வளவுதான். ‘குடோன் மாதிரி இருக்கிறது, இடித்துவிட்டுப் பழைய பாணியில் கட்டுவோம்’ என்று சபையில் பேச்சு நடக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு ஏன் எல்லா ஊரிலும் இப்படி மொட்டையாகக் கட்டினார்கள்? பணமில்லாமலா?
– வாசகர், மோல்மேன், பர்மா

பதில்: பணமும் ஒரு காரணம்தான். சிமெண்டும் கம்பியும் இருந்தால் சீக்கிரம் எழுப்பிவிடலாம், கல் செதுக்குகிற கைகளுக்கு எங்கே போவது? ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரி பேராலயம் 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் எரிந்து, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சின. புதியதற்கு நடந்த போட்டியில் 200க்கும் மேற்பட்டவர்கள் வரைபடம் அனுப்பினார்கள், 1951இல் ஜெயித்தவர் பேசில் ஸ்பென்ஸ். அவர் இடிந்ததைத் தொடவே இல்லை. அதை அப்படியே விட்டு, பக்கத்திலேயே மணற்கல்லில் புதியதை எழுப்பினார். 1962 மே 25 அன்று அபிஷேகம் ஆனது. பக்கச் சுவர்களை மடிப்பு மடிப்பாக வைத்து, ஜன்னல்களைப் பீடத்தைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார். உள்ளே நுழைகிறவருக்குக் கல்தான் தெரியும், பீடம் வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால்தான் அத்தனை வண்ணக் கண்ணாடியும் கண்ணில் படும். பணமில்லாதவன் செய்கிற வேலையா இது?

பிரான்சில் லு ஆவ்ர் துறைமுகம் 1944இல் தரைமட்டமானது. அங்கே ஓகுஸ்த் பெரே கட்டிய புனித சூசையப்பர் கோயிலை வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் காங்கிரீட் கோபுரம், 107 மீட்டர், உங்கள் சபையார் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். உள்ளே போய்க் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கவேண்டும்! உச்சிவரை உள்ளே வெறும் வெளி, சுற்றிலும் 12,768 வண்ணக் கண்ணாடித் துண்டுகள், வெயில் நகர நகர நிறமும் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். 1957இல் வேலை முடிந்தபோது பார்க்க பெரே உயிரோடு இல்லை, மூன்று வருஷம் முன்பே போய்விட்டார்.

நம் ரங்கூனிலும் 1941 டிசம்பர் 23 முதல் குண்டு விழுந்தது. சூலே பகோடா பக்கத்தில் இருக்கும் இம்மானுவேல் பாப்டிஸ்ட் ஆலயம் யுத்தத்தில் அழிந்து 1952இல் திரும்ப எழும்பியதுதான். 1942இல் காட்டுவழியாக இந்தியாவுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதி வழியிலேயே செத்தார்கள். அப்படிப்பட்ட யுத்தத்துக்குப் பிறகு, மிஞ்சியவர்களும் திரும்பி வந்தவர்களும் சேர்ந்து இந்த நாட்டில் ஒரு கோயில் கட்டினார்கள் என்றால், அதன் நேர்ச்சுவர் எனக்கு எந்தக் கூரான வளைவையும்விடப் பெரிசு. இடிக்காதீர்கள். இடித்துவிட்டுப் பழசு மாதிரி ஒன்றைக் கட்டினால் யுத்தமே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: இடிந்த சுவரை வைத்துக்கொண்டே கும்பிடுவது அபசகுனம் இல்லையா?
– வாசகி, ரங்கூன்

பதில்: இல்லை அம்மா. பெர்லினில் கைசர் வில்லெம் நினைவாலயம் 1943இல் குண்டுபட்டது. புதியதைக் கட்ட வந்த எகோன் ஐயர்மன் மிச்சமிருந்த கோபுரத்தையும் எடுத்துவிடத்தான் நினைத்தார், ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் உடைந்த கோபுரம் நடுவில் நிற்க, பக்கத்தில் எண்கோணமாகப் புதுக்கோயில் 1961இல் வந்தது. அதன் சுவர் முழுக்க நீலக் கண்ணாடி. அதைச் செய்து கொடுத்தவர் பிரான்சின் ஷார்த்ர் ஊர்க்காரர் கப்ரியேல் லுவார் என்பதைக் கவனியுங்கள். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாடும் எப்படி இருந்தன என்று உங்களுக்கே தெரியும்.

இடிந்த சுவர் கண்ணில் படவே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. பிரான்சின் ரோன்ஷாம்ப் மலையில் குண்டுபட்ட பழைய சிற்றாலயத்தின் கற்களை லெ கொர்பூசியே 1955இல் முடித்த புதுக்கோயிலின் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்.

கேள்வி: எங்கள் கோயில் தூணில் விரிசல், பழுப்புக் கறையும் வழிகிறது. மேலே பூசிவிட்டால் போதுமா?
– வாசகர், தட்டோன்

பதில்: போதாது. அந்தக் கறை உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, சுற்றியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும், பூச்சு அதை நம் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். கில்லாம் ஜிலே பிரான்சின் ருவயான் கடற்கரையில் 1958இல் முடித்த அழகான காங்கிரீட் கோயிலுக்கே இந்த நோய் வந்து பெரிய பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. நம் மழைக்குக் கேட்கவா வேண்டும்?

முதலில் கூரைத் தண்ணீர் தூணில் இறங்காமல் வழி பண்ணுங்கள். அப்புறம் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு இதில் யாரும் அசட்டையாக இருக்கக்கூடாது. அவர் சொல்கிறபடி தூணுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, தட்டினால் பொக்கையாகச் சத்தம் வருகிற இடத்தையெல்லாம் கொத்தியெடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டிய பிறகுதான் கொத்தனார் கரண்டியை எடுக்கலாம். கடல்மணல் மட்டும் கலக்க விடாதீர்கள், உப்பு திரும்பவும் கம்பியைத் தின்னும்.