அரிசி களைந்த தண்ணீர் தலைமுடிக்கு நல்லதா? எப்படிப் பயன்படுத்துவது, முடி உதிர்வது நிற்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேரிலிருந்து கொட்டும் முடியை அது நிறுத்தாது. அரிசித் தண்ணீர் உதவுவது முடியின் தண்டுக்கு. இதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தினால் நல்ல பலன் உண்டு.

தலைக்கு வெளியே நாம் பார்க்கும் முடி கெரட்டின் என்னும் உயிரற்ற புரதம். அதன் மேல் அரிசியின் மாவுச்சத்து மெல்லிய படலமாகப் படிகிறது. இழைகள் ஒன்றோடொன்று உரசுவது குறைகிறது, சிக்கு விழுவது குறைகிறது, சீப்பு இழுக்கும்போது நடுவில் அறுந்துபோவதும் குறைகிறது. உங்கள் முடி எந்த வகையில் போகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். சீப்பில் வந்த முடியைக் கறுப்புத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து கழன்றது. குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக இருந்தால் அறுந்தது. அறுந்த துண்டுகள்தான் அதிகம் என்றால் அரிசித் தண்ணீர் உங்களுக்குப் பொருந்தும்.

“மூணே மாசத்தில் முடி கொட்டுறது நின்னுடுச்சு” என்று பலர் சொல்வது பொய்யல்ல, காரணம்தான் வேறு. டெங்கு, டைபாய்டு, பிரசவம், அறுவை சிகிச்சை ஆகியவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பெரும்பாலோருக்கு அடுத்த ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அந்தச் சமயத்தில் எதைத் தடவிக்கொண்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

சீனாவின் குவாங்ஷி தன்னாட்சிப் பகுதியில் ஹுவாங்லுவோ கிராமத்து யாவோ இனப் பெண்களின் நீளக் கூந்தலைக் காட்டித்தான் இணையத்தில் இந்த முறை பரவியது. அவர்கள் ஊற்றுவது வெறும் கழுநீர் அல்ல. புளித்த அரிசித் தண்ணீரோடு பம்ளிமாஸ் தோல், தேயிலை இனத்து விதையின் பிண்ணாக்கு எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். அந்தப் பிண்ணாக்கில் சபோனின் இருக்கிறது, நுரைத்து அழுக்கெடுக்கும். நம் சீயக்காயிலும் அதே வகைப் பொருள்தான். ஆக, அவர்கள் முறைக்கு மிக நெருக்கமானது தமிழ்நாட்டில் காலங்காலமாக இருக்கும் வடிகஞ்சியும் சீயக்காயும்தான். என்னைக் கேட்டால் நம் ஊர் தட்பவெப்பத்துக்கும் அதுவே முதல் தேர்வு.

வடிகஞ்சி + சீயக்காய்

சோறு வடிக்கும்போது உப்புப் போடாதீர்கள். உப்புக் கஞ்சி முடியை வறட்டிவிடும். குக்கர்தான் வைப்பீர்கள் என்றால் கால் கப் பச்சரிசியை ஐந்து கப் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் 20 நிமிடம் வேகவிட்டு வடித்தால் போதும். கஞ்சி ஆறியதும் மேலே ஆடை படியும். அதை எடுத்துவிட்டு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டால் பருக்கையும் ஆடைத் துணுக்கும் முடியில் காய்ந்து பொடுகு மாதிரி உதிரும்.

தோள் வரை முடி என்றால் ஒரு டம்ளர் (சுமார் 200 மி.லி.) கஞ்சிக்கு 2 மேசைக்கரண்டி சீயக்காய்த்தூள்; இடுப்பு வரை என்றால் ஒன்றரை டம்ளருக்கு 4. கட்டியில்லாமல் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கரண்டியிலிருந்து இடைவிடாமல் ஒழுகும் பதம் சரி. வெறும் தண்ணீரில் கரைத்தால் தூள் அடியில் தங்கிவிடும், தலையில் நிற்காமல் வழிந்து கண்ணுக்குள் போகும். கஞ்சியின் கொழகொழப்பு தூளைப் பிடித்து வைக்கிறது, சீயக்காயின் வறட்சியையும் தணிக்கிறது. எண்ணெய் தேய்த்த தலைக்கு மண்டையில் தேய்த்து 5 நிமிடம் கழித்து அலசினால் எண்ணெயும் போய்விடும், தனி ஷாம்பு வேண்டாம். கொங்குப் பக்கம் சீயக்காய்க்குப் பதில் அரப்புத்தூள் போடுவார்கள், அளவு அதேதான்.

ஊறவைத்த தண்ணீர்

ஷாம்பு போட்டுக் குளிப்பவர்களுக்கு இது எளிது. அரை கப் அரிசியை ஒருமுறை களைந்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசியும், வண்டு வராமல் இருக்கத் தூவிய பொடி ஏதும் இருந்தால் அதுவும் அதோடு போகும். பிறகு இரண்டு கப் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் நன்றாக அளைந்து வடிகட்டுங்கள். பச்சரிசி என்றால் பால் போல வெளுத்து வரும். புழுங்கல் அரிசியை வேகவைத்துக் காயவைத்திருப்பதால் மாவுச்சத்து உள்ளேயே இறுகியிருக்கும், தண்ணீர் தெளிவாகத்தான் வரும். புழுங்கல்தான் இருக்கிறது என்றால் வடிகஞ்சிக்குப் போய்விடுங்கள்.

ஷாம்புவை அலசியதும் முடியைப் பிழிந்துவிட்டு, காதுக்குக் கீழிருந்து நுனி வரை இந்தத் தண்ணீரை ஊற்றி நீவிவிடுங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். பிறகு வெறும் தண்ணீரில் அலச வேண்டும். “அலசாமல் விட்டால் சத்து இறங்கும்” என்பது தவறு. எதுவும் இறங்காது, மாவுதான் காயும்.

புளிக்க வைத்தது

மேலே சொன்ன தண்ணீரையே மூடிபோட்ட பாட்டிலில் (மூடியை இறுக்க வேண்டாம்) வெளியே வைத்தால் லாக்டிக் அமிலம் உருவாகிப் புளிக்கும். லேசான அமிலத்தன்மையில் முடியின் மேற்செதில்கள் படிந்து நிற்கும், அதனால் பளபளப்புக் கூடும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் 24–48 மணி நேரக் கணக்கைச் சென்னை, மதுரை வெயிலில் பின்பற்றினால் கெட்டுப்போகும். இங்கே 12 மணி நேரத்திலேயே மோர் போல மெல்லிய புளிப்பு வாசனையும் சிறு குமிழ்களும் வந்துவிடும். வந்த உடனே ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஊற்றும்போது சம அளவு தண்ணீர் கலக்க வேண்டும். மேலே பூஞ்சை படர்ந்தாலோ, நூல்போல இழுபட்டாலோ, அழுகல் வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். கொதிக்க வைத்து மீட்க முயல வேண்டாம்.

எங்கே தப்பாகிறது

நிறைய பேர் முதல் இரண்டு வாரம் மகிழ்ந்துவிட்டு மூன்றாவது வாரம் “முடி தேங்காய் நார் ஆகிடுச்சு” என்பார்கள். அடிக்கடி போட்டதால் படலத்தின் மேல் படலம் ஏறியிருக்கிறது. பருத்திச் சேலைக்குக் கஞ்சி அளவோடு போட்டால் நிற்கும், அதிகமானால் மடக்கும் இடத்தில் விறைத்து நொறுங்கும், முடியும் அப்படியே. வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். வறண்ட அல்லது மெலிந்த முடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. விறைத்துப்போனால் முழுதாக நிறுத்திவிட்டு, இரண்டு முறை சாதாரண ஷாம்பு, பிறகு கண்டிஷனர், பெரும்பாலும் சரியாகிவிடும். சாயம் போட்ட, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்த முடிக்கு அரிசித் தண்ணீருக்குப் பின் கண்டிஷனர் எப்போதுமே தேவை.

புளித்த தண்ணீரை மண்டையில் ஊற்றி இரவு முழுக்கத் துண்டு கட்டித் தூங்குவது இன்னொரு தவறு. ஈரமும் சூடும் மாவும் சேர்ந்தால் அரிப்பும் துர்நாற்றமும்தான் மிச்சம். பொடுகு, தலையில் புண், சொரியாசிஸ் இருப்பவர்கள் புளித்ததைத் தொடவே வேண்டாம். மற்ற இரண்டும்கூட நுனி முடிக்கு மட்டும்.

தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் வெள்ளைக் குமிழோடு மாதக்கணக்கில் கொட்டினாலும், வகிடு அகலமானாலும், வட்டமாகச் சொட்டை விழுந்தாலும் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது) தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கும் பெண்கள் நிறைய பேர். அவர்களுக்கு வேண்டியது இரும்புச்சத்து. அந்தச் சிகிச்சை நடக்கும்போதும் வடிகஞ்சியும் சீயக்காயும் தாராளமாகப் போடலாம். முடி வளர மினாக்சிடில் மருந்து தடவுபவர்கள் மட்டும், மண்டையில் கஞ்சி மிச்சமில்லாமல் அலசி, தலை நன்றாகக் காய்ந்த பிறகு தடவுங்கள்.