மேலாளர் ஆகாமலேயே ஒரு பொறியாளர் பதவி உயர முடியுமா?

பத்தாண்டு அனுபவமுள்ள மென்பொருள் பொறியாளர், ஆட்களை நிர்வகிக்க விரும்பாத நிலையில், நிறுவனத்துக்குள் மேலே செல்ல வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் எல்லா நிறுவனங்களிலும் அந்த வழி ஒரே அகலத்தில் இல்லை.

நெடுங்காலமாகப் பதவி உயர்வு என்பது பெரும்பாலும் தமக்குக் கீழே வேலை செய்வோரின் எண்ணிக்கை கூடுவதையே குறித்தது. நல்ல பொறியாளரை இழந்து சுமாரான மேலாளரைப் பெறும் இந்த நட்டத்தைத் தவிர்க்கவே, நிர்வாகத்துக்கு ஒன்றும் தொழில்நுட்பத்துக்கு ஒன்றுமாக இரட்டை ஏணி முறை உருவானது. கணினி நிறுவனமான ஐபிஎம்மில், அதன் தலைவராக இருந்த தாமஸ் வாட்சன் ஜூனியர் தொடங்கிய 'ஐபிஎம் ஃபெல்லோ' என்ற உயரிய தொழில்நுட்பப் பதவி இதற்குத் தெளிவான சான்று. ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் 1963இல் அதைப் பெற்றார். 1957இல் பணியில் சேர்ந்து, கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) ஆய்வில் பெயர் பெற்ற ஃபிரான்சிஸ் ஆலன், 1989இல் அதைப் பெற்ற முதல் பெண் ஆனார். (பணியில் சேர்ந்தபின் அதைப் பெற அவருக்கு 32 ஆண்டுகள் ஆனதையும் கவனிக்க வேண்டும்.)

இன்று பல மென்பொருள் நிறுவனங்களில் காணப்படும் ஸ்டாஃப் இன்ஜினியர், பிரின்சிபல் இன்ஜினியர் பதவிகள் இதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் அந்த உயரத்தில் நிரல் எழுதும் நேரம் குறைந்து, பல குழுக்களின் வடிவமைப்பு முடிவுகளை ஒருங்கிணைப்பதும், எழுத்தாலும் பேச்சாலும் பிறரை இணங்க வைப்பதுமே முதன்மை வேலையாகிவிடுவதால், மனிதர்களைச் சமாளிப்பதிலிருந்து தப்பிக்க இது வழியல்ல என்பதே என் கருத்து. உங்கள் நிறுவனத்தில் இந்தப் பதவிகளில் உண்மையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். சில இடங்களில் இரண்டாவது ஏணி காகிதத்தில் மட்டுமே இருக்கும்.