கொடைக்கானல் காளானும் அப்பாவின் பயமும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை, விளக்கை அணைக்க விடுவதில்லை. போதைக் காளானில் உள்ள சைலோசைபினை ஒரே முறை கொடுத்தால் மரண பயம் போய்விடுகிறது என்று அமெரிக்காவில் கண்டுபிடித்திருப்பதாகப் படித்தேன். கொடைக்கானலில் வாங்கித் தருவதாக நண்பன் சொல்கிறான். அப்பாவுக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுக்கலாமா? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

கொடுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நீங்கள் படித்தது அநேகமாக 2016 டிசம்பரில் வெளிவந்த இரண்டு ஆய்வுகளைப் பற்றியதாக இருக்கும். ஒன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 51 புற்றுநோயாளிகளிடம் நடத்தியது. மற்றது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராஸ் குழு, 29 பேரிடம். ஹாப்கின்ஸில் ஆறு மாதம் கழித்தும் ஐந்தில் நான்கு பேருக்கு மனச்சோர்வும் பதற்றமும் நன்றாகக் குறைந்திருந்தன. சாதாரண விஷயமில்லை இது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நியூயார்க்கில் ஒப்பீட்டுக்காக, சைலோசைபினுக்குப் பதிலாகக் கொடுத்தது நியாசின் என்ற வைட்டமின். முகம் கொஞ்சம் சிவந்து சூடாகும், அவ்வளவுதான். கண்ணெதிரே சுவர் உருகி வழிகிறவருக்குத் தனக்கு எது கிடைத்தது என்று தெரியாதா என்ன? தெரிந்துவிட்டால், அந்த எதிர்பார்ப்பே ஆறுதல் தந்திருக்கலாம். அதோடு, இரண்டு இடங்களிலும் சில வாரங்களில் எல்லோருக்கும் அசல் மருந்தைக் கொடுத்துவிட்டதால், அந்த ஆறு மாதக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லை.

இதைப் பற்றிச் செய்தி எழுதியவர்கள் ‘ஒரே முறை’ என்பதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். மருந்து கொடுப்பதற்கு முன்பே பல மணி நேரப் பேச்சு நடக்கிறது. தன் வாழ்க்கை, குடும்பம், நோய், சாவு என்று எல்லாவற்றையும் நோயாளி பேசுகிறார். குடும்பத்தில் யாருக்காவது மனப்பிறழ்வு இருந்தால் சேர்ப்பதே இல்லை. மருந்து நாளில் சோபாவில் படுக்க வைத்து, கண்ணைக் கட்டி, காதில் இசை. பழகிய வழிகாட்டிகள் இருவர் கடைசி வரை பக்கத்திலேயே இருக்கிறார்கள். இத்தனை கவனிப்பிலும் சிலருக்கு வாந்தி, ரத்தக்கொதிப்பு, நடுவில் சிறிது நேரம் கடும் பயம். அப்புறம் மறுபடியும் பேச்சு.

இப்போது உங்கள் அப்பாவை நினைத்துப் பாருங்கள். பால் குடித்த ஒரு மணி நேரத்தில் அறை அசைய ஆரம்பிக்கும். தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அல்லது உயிர் போகிறது என்றுதான் நினைப்பார். எந்தக் காளான், அதில் எவ்வளவு மருந்து என்பது விற்கிறவனுக்கும் தெரியாது. சைலோசைபின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் கனடாவில் குணமாக்க முடியாத புற்றுநோய் கண்ட நான்கு பேருக்கு, சைலோசைபினைப் பயன்படுத்த அரசு சட்ட விலக்கு அளித்தது. அவர்கள் தங்களுக்கு என்ன நோய் என்று தெரிந்து, தாங்களே கேட்டு வாங்கியவர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காளான் இல்லை, அந்தச் சளிதான். எலும்பு வலிக்கும் ஒரு மனிதர் அதை நம்புவார் என்றா நினைக்கிறீர்கள்? அவருக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் நீங்கள் எல்லோரும் மறைப்பதால் அவரும் மறைக்கிறார். அந்த ஆய்வுகளில் மருந்தின் பங்கு எவ்வளவு, பேச்சின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. பேச்சுக்காவது தடைச் சட்டம் கிடையாது.

உண்மையை ஒரேயடியாகப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. “உங்களுக்கு என்ன ஆயிருக்குன்னு நினைக்கிறீங்கப்பா?” என்று கேளுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். பேச ஆரம்பித்தால் குறுக்கே ‘அதெல்லாம் சரியாயிடும்’ என்று சொல்லாதீர்கள். அவர் பயம் சாவைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதாக இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதாகவும் இருக்கலாம்.

மூச்சு முட்டலுக்கும் வலிக்கும் வைத்தியம் உண்டு. தகுந்த அளவில் கொடுக்கும் மார்ஃபின் இரண்டுக்குமே உதவும். வெறும் தூக்க மாத்திரையோடு நிறுத்தியிருந்தால், நோய் ஆதரவு சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அலைய முடியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்காக வீட்டுக்கே வருகிறார்கள்.