பெரிய மென்பொருள் நிறுவனத்தின் மேல் ஏகபோக வழக்கு வந்தால் அதன் பங்கை விற்றுவிடலாமா?

விற்பதா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் அப்படி ஒரு வழக்கு நடக்கும்போது வாங்கி, தலையில் துண்டு போட்டுக்கொண்டவன்.

2000-ல் நியூ ஜெர்சியில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். மதியச் சாப்பாட்டு மேசையில் மைக்ரோசாஃப்டை விட்டால் வேறு பேச்சே கிடையாது. விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற தங்கள் பிரவுசரை ஒட்டிக் கொடுத்து, போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப்பை ஒழிக்கப் பார்த்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறையும் 20 மாநிலங்களும் 1998 மே மாதம் போட்ட வழக்கு அது. கம்ப்யூட்டர் தயாரிப்பவர்கள் திரையிலிருந்து அந்த ஐகானை எடுக்கக்கூட உரிம ஒப்பந்தம் விடவில்லை. பில் கேட்ஸ் வாக்குமூல வீடியோவில் சாதாரணச் சொற்களுக்கெல்லாம் பொருள் கேட்டு வக்கீலோடு மல்லுக்கட்டியதை எங்கள் மேசையில் ஒருவர் நடித்தே காட்டுவார்.

மேசையில் இரண்டு கட்சி. ஒன்று, நீதிபதி ஜாக்சன் விடமாட்டார், விற்றுவிடு என்றது. இன்னொன்று, உடைத்தால்தான் நல்லது, விண்டோஸ் தனி, ஆபீஸ் தனி என்றானால் இரண்டுக்கும் சேர்த்து இன்னும் விலை கிடைக்கும் என்றது. நான் இரண்டாவது கட்சி.

2000 ஏப்ரல் 3 அன்று சட்டத்தை மீறியதாகத் தீர்ப்பு வந்தது. ஒரே நாளில் பங்கு 106 டாலரிலிருந்து 90-க்கு இறங்கியது. மலிவு என்று நினைத்து 40 பங்கு வாங்கினேன். டிசம்பரில் அது 43.

இத்தனைக்கும் வழக்கு நிறுவனத்துக்குச் சாதகமாகத்தான் முடிந்தது. ஜூனில் ஜாக்சன் இரண்டாக உடைக்கச் சொன்னார். 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2002 நவம்பரில் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நான் கொடுத்த விலை, ஆண்டு லாபத்தைப் போல் 50 மடங்குக்கு மேல். சுமார் 23 பில்லியன் டாலராக இருந்த வருமானம் 2014-ல் 87 பில்லியனைத் தொட்டபோதுதான் பங்கு என் விலைக்குத் திரும்பியது. 1999 டிசம்பர் உச்சத்தைத் தாண்ட 2016 ஆனது.

போட்டி விஷயத்திலும் மேசை கோட்டைவிட்டது. தீர்ப்பு வருமுன்பே நெட்ஸ்கேப் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. கூகுள் என்ற பெயரை அங்கே யாரும் எடுத்ததாக நினைவில்லை. ஐபோனுக்கோ இன்னும் ஏழு வருடம் இருந்தது. வழக்கு கவனத்தைச் சிதறடித்ததால்தான் செல்போன் சந்தையைக் கோட்டைவிட்டோம் என்று கேட்ஸ் 2019-ல் சொன்னார். பாதி உண்மை இருக்கலாம், மீதி சாக்கு என்பது என் கணிப்பு.

அதனால் உங்கள் பங்கு விஷயத்தில் தீர்ப்புத் தேதியை அப்புறம் பாருங்கள். லாபத்தைப் போல் எத்தனை மடங்கு விலை என்பதை முதலில் பாருங்கள்.

என்னுடைய 40 பங்கு 2003-ல் 80 ஆகப் பிரிந்தது. 2010-ல் ஊரில் வீடு கட்ட எல்லாவற்றையும் விற்றேன், நஷ்டத்துக்கு.