காவலரும் உளவியலாளரும் – கடிதம்

அன்புள்ள சார்,

மருத்துவ உளவியல் படித்துவிட்டு சில வருடங்களாக மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். இப்போது காவல்துறையில் உளவியலாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. ஆட்சேர்ப்பில் சோதனை வைப்பது, பணியில் இருப்பவர்களுக்குக் கவுன்சலிங், துப்பாக்கிச்சூடு நடந்தால் சம்பந்தப்பட்டவரைத் திரும்ப டியூட்டிக்கு அனுப்பலாமா என்று சான்று தருவது, மூன்றும் நானேதான். ரகசியம் பற்றிக் கேட்டேன். "நாமெல்லாம் ஒரே குடும்பம், நமக்குள்ள என்னம்மா ரகசியம்" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான், ஆனாலும் உறுத்துகிறது. சம்பளம் தருவது துறை, எதிரே உட்காரப்போவது காவலர். நான் யாருக்காக வேலை செய்யப்போகிறேன்?

எம்.

அன்புள்ள எம்.,

உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. வேலைக்குப் போங்கள், ஆனால் அவர்கள் சொன்ன ஏற்பாட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். ஒருவருக்குக் கவுன்சலிங் தருபவரே அவருக்குத் தகுதிச் சான்றும் எழுதக் கூடாது. மற்றதில் எல்லாம் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம், இதில் முடியாது.

ஒரு காவலர் உங்களிடம் வந்து, தூக்கம் போய்விட்டது, துப்பாக்கியைத் தொட்டால் கை நடுங்குகிறது, குடி அதிகமாகிவிட்டது என்று சொல்கிறார் என்று வையுங்கள். நம்பித்தான் சொல்கிறார். அடுத்த மாதம் அவர் மேல் ஒரு புகார் வருகிறது, பணிக்குத் தகுதியானவரா என்று கேட்டு ஃபைல் உங்கள் மேஜைக்கே வருகிறது. அந்தக் கை நடுக்கத்தை என்ன செய்வீர்கள்? எழுதினால் நம்பியவருக்குத் துரோகம். எழுதாவிட்டால், நாளைக்குத் தெருவில் அவர் முன்னால் நிற்கப்போகிற யாரோ ஒருவருக்குத் துரோகம். எப்படி முடிவெடுத்தாலும் தப்புதான். அப்புறம் ஸ்டேஷனில் விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? "அந்த மேடம்கிட்ட சொன்னா துப்பாக்கிய வாங்கி வெச்சிருவாங்க." அதோடு சரி. வருகிறவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்குவதாகச் சொல்வார்கள், உண்மையில் உடைந்துபோனவர்கள் உங்கள் கதவுப் பக்கமே வர மாட்டார்கள். ஆயுதம் கையெட்டும் தூரத்தில் இருக்கிற வேலை இது. உதவி தேடி வராமல் போகிறவரை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

இது உங்கள் பிடிவாதம் என்று அந்த அதிகாரி நினைத்துவிடக் கூடாது. காவல்துறைத் தலைவர்களின் சர்வதேச சங்கத்தில் உளவியலாளர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பணித்தகுதி மதிப்பீட்டுக்கு அவர்கள் வகுத்த வழிகாட்டுதலும், சிகிச்சை தந்தவரே மதிப்பிடுவதைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. காவல் தலைவர்களின் சங்கமே சொல்வதை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

மதிப்பீடு செய்யும்போது நீங்கள் துறைக்காகத்தான் வேலை செய்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மறைத்தால்தான் தப்பு. உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள்: "இன்னிக்கு நான் உங்களுக்கு சிகிச்சை தர வரலை. நீங்க சொல்றது அறிக்கையில போகலாம், அறிக்கை இன்னார்கிட்ட போகும். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாம இருக்கலாம், சொல்லலைங்கறதையும் நான் எழுத வேண்டியிருக்கும்." அறிக்கையில் அவர் வேலைக்குத் தகுதியா, என்ன கட்டுப்பாடு தேவை என்பது போதும். அவர் மனைவி பிரிந்துபோன கதை மேலதிகாரிக்கு எதற்கு?

கவுன்சலிங்கில் நிஜமான சோதனை தாழ்வாரத்தில்தான் வரும். மேலதிகாரி எதிரே வருவார், அக்கறையோடு கேட்பார்: "நம்ம பையன் உங்ககிட்ட வந்தானாமே, எப்படி இருக்கான்?" பாவம், ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்ன என்று உங்களுக்கே தோன்றும். "நல்லா இருக்கார் சார்" என்று கூடச் சொல்லாதீர்கள். இவரைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டு, அடுத்த மாதம் இன்னொருவரைப் பற்றிக் கேட்கும்போது பேசாமல் இருந்தால் அந்த மௌனமே பதிலாகிவிடும். அதனால் வந்தவர், வராதவர் எல்லாருக்கும் ஒரே பதில்: "யாரு வர்றாங்கன்னே நான் சொல்றதில்ல சார்." முதலில் கோபப்படுவார். பிறகு அவரே ஒருநாள் வந்து உங்கள் எதிரே உட்காரலாம், மேலதிகாரிகளுக்கும் தூக்கம் போகும். அறையை அதே கட்டடத்தில் வைக்காமல் வெளியே கேளுங்கள். மாத அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போகட்டும், பெயர் வேண்டாம்.

இந்த ரகசியம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் 1991ல் ஒரு பெண் காவலர் பணியில் இருக்கும்போது ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் ஏறக்குறைய 50 அமர்வுகள் கவுன்சலிங் போனார். கவுன்சலிங் தந்தவர் அந்தக் காவலர் வேலை பார்த்த அதே உள்ளாட்சி நிர்வாகத்தின் ஊழியர், கிட்டத்தட்ட உங்கள் நிலைமைதான். இறந்தவரின் குடும்பம் அந்தக் குறிப்புகளைக் கேட்டது, இருவரும் தர மறுத்தார்கள். ஜாஃபி எதிர் ரெட்மண்ட் என்ற அந்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், 7க்கு 2 என்ற கணக்கில், அந்தப் பேச்சுக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. அந்தக் குடும்பத்தின் வலியும் உண்மைதான், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்களும் நினைவுக்கு வருவார்கள். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். உங்கள் நாட்டுச் சட்டம் இதில் எதுவரை காக்கும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரகசியத்துக்கு எல்லையும் உண்டு: குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லப்போகிறேன் என்றால், தன்னையே சுட்டுக்கொள்வேன் என்றால் சும்மா இருக்க முடியாது. அதையும் முதல் நாளே காவலரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள், விசாரணைக்குப் பிடித்து வைத்த ஒருவரைக் காட்டி, "இவனை எப்படிப் பேச வைக்கலாம்?" என்று உங்களிடம் கேட்பார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002 நெறிமுறை, சட்டமும் நெறியும் மோதித் தீர்வு கிடைக்காவிட்டால் சட்டத்தின் பக்கம் நிற்கலாம் என்று இடம் கொடுத்தது. மனித உரிமையை மீறுவதற்கு அதைக் காரணம் காட்ட முடியாது என்று திருத்த 2010 வரை ஆனது. தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர்கள் பங்கேற்கக் கூடாது என்ற தடை 2015ல்தான் வந்தது. நடுவில் அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வின் விசாரணைகளில் நடந்த சித்திரவதைகளைத் திட்டமிட்டவர்களிலும் உளவியலாளர்கள் இருந்தார்கள். சாதாரணக் காவல் விசாரணைக்கு அந்தத் தடை பொருந்தாது, அங்கே எல்லைக்கோட்டை நீங்கள்தான் போட வேண்டும். பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்துபவருக்குக் காதில் யோசனை சொல்லுங்கள், அதில் உயிர் பிழைக்கும். பூட்டிய அறையில் இருப்பவரின் பயம் எது என்று கண்டுபிடித்துக் கொடுக்காதீர்கள்.

சேர்வதற்கு முன் இவை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, அந்த நல்ல மனிதர் மாற்றலாகிப் போய்விடுவார். எழுதித் தர மறுத்தால், ஆட்சேர்ப்புச் சோதனையும் தகுதிச் சான்றும் மட்டும் நான் பார்க்கிறேன், கவுன்சலிங்குக்கு வேறு ஆளைப் போடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் போகாதீர்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.