கஞ்சாவை நிறுத்தினால் மட்டும் தம்பிக்குச் சரியாகிவிடுமா?

கேள்வி: "தம்பிக்கு 21 வயது. கொழும்பில் கடையில் வேலை செய்தான், தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆட்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், இரவில் தூங்குவதில்லை, தனியாகச் சிரிக்கிறான். கஞ்சா அடிக்கிறான் என்பது இப்போதுதான் தெரிந்தது. அம்மா செய்வினை என்கிறார். அப்பா, கஞ்சாவை நிறுத்தினால் போதும், மருந்து வேண்டாம், ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். கஞ்சாவால்தான் இது வந்ததா?"

அப்பா சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. எனக்கும் ஒரு தம்பி. ஹட்டன் பக்கம் தோட்டம், அவனுக்கும் ஏறக்குறைய இதே வயதில்தான் ஆரம்பித்தது, எங்கள் லயத்திலும் ஆளுக்கு ஆள் இதையேதான் சொன்னார்கள். கஞ்சாவை விட்டால் புத்தி தானாகத் தெளிந்துவிடும், பைத்திய மாத்திரை எதற்கு, அது ஆளை முடக்கிப் போட்டுவிடும் என்று. சிலருக்கு அப்படித் தெளிவது உண்மைதான், போதை இறங்கிச் சில நாட்களில் பயமும் சந்தேகமும் விலகிவிடும். ஆனால் டென்மார்க்கில், கஞ்சாவால் வந்த மனக்குழப்பம் என்று ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதப்பட்டவர்களை 20 வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்து 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிற்பாடு மனச்சிதைவோ (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் என்று நீளும் நோய்) இருமுனை நோயோ (மனநிலை மிகையாக ஏறி இறங்கும் நோய்) வந்திருக்கிறது. அதனால் "கஞ்சாவால் வந்தது" என்று டாக்டரே எழுதிக் கொடுத்தாலும், கஞ்சா போனால் நோயும் போய்விடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கஞ்சாவையும் நிறுத்த வேண்டும், மருந்தும் எடுக்க வேண்டும். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடும் வீடுகளில்தான் பிள்ளை திரும்பத் திரும்ப விழுகிறான்.

சரி, கஞ்சாவால்தான் வந்ததா? ஒரு தனி ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது, ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் சொல்ல முடியும். சுவீடனில் 1969, 70இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்ட 45,000 இளைஞர்களை 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சேரும்போதே 50 தடவைக்கு மேல் கஞ்சா அடித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்தது அடிக்காதவர்களைவிட ஆறு மடங்கு. இது வெளிவந்தது 1987இல். அதற்குப் பிறகு நியூசிலாந்தில் டனீடின் என்ற ஊரில் பிறந்த பிள்ளைகளைச் சிறுவயது முதல் கவனித்ததில், 15 வயதுக்குள் கஞ்சா தொட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு 26 வயதில் மனச்சிதைவு மாதிரியான அறிகுறிகள் இருந்தன, தொடாதவர்களில் மூன்று பேருக்குத்தான். 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் பல ஊர்களில் சேர்ந்து செய்த ஆய்வில், தினமும் அடிப்பவர்களுக்கு மனக்குழப்பம் வரும் வாய்ப்பு அடிக்காதவர்களைவிட மூன்று மடங்கு, அதுவும் வீரியம் கூடிய சரக்கைத் தினமும் அடிப்பவர்களுக்கு ஐந்து மடங்குக்குக் கிட்ட வந்தது. எத்தனை வயதில் தொடங்கினான், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு வீரியம், இந்த மூன்றும்தான் கணக்கு.

ஆனால் இதை வைத்துத் தம்பியைப் பயமுறுத்தப் போகாதீர்கள், பலிக்காது. மனச்சிதைவு மொத்த மக்களில் நூறு பேரில் ஒருவருக்கு வருகிற நோய், அதனால் ஆறு மடங்கானாலும் கஞ்சா அடிக்கிற பெரும்பாலான ஆட்களுக்கு அது வராது. இது உங்கள் தம்பிக்குத் தெரியும், கூட அடித்த கூட்டாளிகள் எல்லாம் நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவன் அவன். என் தம்பியும் இதைத்தான் கேட்டான், "அவனுங்களுக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் ஏன்?" நான் சொன்னது, ஒரே மழைதான் மலை முழுக்கப் பெய்கிறது, ஏற்கனவே மண் இளகியிருந்த சரிவு மட்டும்தான் கீழே வருகிறது. பரம்பரையில் இருக்கலாம், சின்ன வயதில் பட்ட அடி இருக்கலாம், கொழும்பில் கடைக்குள்ளேயே படுத்து எழும்பிய தனிமை இருக்கலாம், அதன் மேல்தான் கஞ்சா விழுந்தது. உங்கள் குடும்பத்தில் சித்தப்பா, தாத்தா யாருக்காவது இப்படி இருந்ததா என்று பெரியவர்களிடம் கேளுங்கள், டாக்டரும் அதைக் கேட்பார். கொழும்பில் கூட வேலை செய்த பையன்களிடமும் விசாரியுங்கள். தூக்கம் கெட்டது முதலா, கஞ்சா முதலா என்று தெரிந்தால் வைத்தியத்துக்கு உதவும். ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவித்தானா என்பதையும் கேட்டே ஆக வேண்டும், அதுவும் இதே மாதிரிச் சந்தேகத்தைக் கொண்டுவரும்.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி என்ற பொருள். அது மூளையில் போய் உட்காரும் இடங்கள் இயல்பாகவே நம் உடம்பு சுரக்கிற வேறொரு பொருளுக்காக இருப்பவை. அந்த இடங்களை அது பிடித்துக்கொண்டால், எது முக்கியம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை தடுமாறுகிறது. பக்கத்து லயத்தில் இரண்டு பேர் சிரித்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று தோன்றுவது இப்படித்தான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எந்த நோயும் இல்லாத ஆட்களுக்கு ஊசி மூலம் டிஎச்சி ஏற்றிப் பார்த்தபோது, சிறிது நேரத்துக்கு அவர்களுக்கே இந்தச் சந்தேகமும் குழப்பமும் வந்து போயின. 2004இல் வெளியான ஆய்வு அது. கஞ்சாவிலேயே சிபிடி என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது, அது இதற்கு ஓரளவு எதிராக வேலை செய்யலாம் என்று நினைத்து, அதைத் தனியாகப் பிரித்தெடுத்து மருந்தாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். "கஞ்சாவே மருந்துதானாம்" என்று பையன்கள் பேசுவது அரைகுறையாக இதைக் கேட்டுத்தான். பிரித்து, அளந்து, டாக்டர் மேற்பார்வையில் கொடுப்பதற்கும் பொட்டலத்தில் வருவதற்கும் சம்பந்தமே இல்லை.

மூலிகை என்ற பேச்சும் நம் பக்கம் அதிகம். சிவனொளிபாதமலை சீசனில், மார்கழி முதல் வைகாசி வரை, யாத்திரைக்கு என்று வருகிற பையன்களின் பைகளை ஹட்டனில் பொலிஸ் நாயை வைத்துச் சோதிப்பது வருடா வருடம் நடப்பதுதான், சாமிக்கு உகந்தது என்று சொல்லித்தான் பாதிப் பேர் அடிக்கிறார்கள். மதன மோதகம் என்று ஆயுர்வேதப் பெயரில் விற்கிற உருண்டையையும் சேர்த்தே சொல்கிறேன், அதிலும் கஞ்சா உண்டு. வாயால் சாப்பிடுவது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும், ஒன்றும் ஏறவில்லையே என்று இன்னொன்றைப் போடுவார்கள், அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறி வெகுநேரம் இறங்காது. தம்பி "நான் கஞ்சா குடிக்கிறதே இல்ல" என்று சொன்னால் இதையும் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அவன் ஏன் அடிக்கிறான்? எங்கள் வீட்டில் அப்பா சட்டைப்பையைத் துழாவினார், பெரியப்பா கையை ஓங்கினார், எல்லோரும் எங்கே வாங்குகிறாய், யார் கொடுக்கிறான் என்றுதான் கேட்டார்கள். ஒருநாள் கொழுந்து மலைக்குப் பின்னால் தண்ணீர்ப் பீலியில் உட்கார்ந்திருந்தவனிடம் நான் எந்த நேரத்தில் அடிக்கத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்டேன். பொழுது சாயும்போது என்றான். எல்லோரும் வேலை விட்டு வந்து லயம் கலகலவென்று ஆகிற நேரம், அப்போதுதான் அவன் காதுக்கு மட்டும் கேட்கிற குரல்கள் கூடுகின்றனவாம், ஒன்றை இழுத்தால் கொஞ்ச நேரம் அவற்றின் மேல் அக்கறை இல்லாமல் போய்விடுகிறது, அப்புறம் தூங்கிவிடலாம் என்றான். அந்தக் கொஞ்ச நேரம் உண்மையானது, அதை மறுத்துப் பேசினால் நம்மை அவன் நம்பமாட்டான். ஆனால் மறுநாள் குரல் இன்னும் உரக்க வருகிறது என்பதையும் அவனே சொன்னான். இதை அப்படியே டாக்டரிடம் சொன்னோம், அவர் இரவு மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்தார், அந்த நேரத்தில் மாமா அவனை மரக்கறித் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். பெரிய வைத்தியம் எதுவும் இல்லை, அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்குத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான்.

நிறுத்திய புதிதில் எரிந்து விழுவான், சோறு இறங்காது, தூக்கம் வராது, வந்தாலும் கெட்ட கனவு வரும். முதல் வாரம்தான் மோசம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இதைப் பார்த்து "மாத்திரையால்தான் இப்படி ஆகிறான்" என்று வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், விடாதீர்கள். இன்னொன்று, பீடியோ சிகரெட்டோ கஞ்சாவோ எதன் புகையானாலும் ஈரலை வேகமாக வேலை செய்ய வைத்து இந்த நோய்க்குக் கொடுக்கிற ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மாத்திரைகளை உடம்பில் இருந்து சீக்கிரம் கழித்துவிடும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று நாம் நினைப்போம், புகை அதைத் தின்றிருக்கும். அதேபோல் புகையைத் திடீரென்று முழுதாக விட்டால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறும், அதனால் விட்டாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், திரும்பத் தொடங்கினாலும் சொல்ல வேண்டும். மாத்திரையால் எடை கூடுவது, கை கால் விறைப்பது, பகலில் தூங்கி வழிவது எல்லாம் உண்மையான தொல்லைகள். அவன் அதைச் சொன்னால் சாக்கு என்று தள்ளாமல் கிளினிக்கில் சொல்லி மாற்றிக் கேளுங்கள். நாளாந்தம் மாத்திரை போட மறுத்தால் மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

தோட்டத்து டிஸ்பென்சரியோடு நின்றுவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, கிளினிக் கொப்பி போட்டுக்கொள்ளுங்கள், காசு இல்லை. ஆனால் ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், அது நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை என்று தெரியும், அதனால் அப்பாவும் நீங்களும் முறை வைத்துப் போங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் நன்றாகச் சிங்களம் பேசுகிற ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் அப்பா முன்னால் அவன் கஞ்சா கதையைச் சொல்லமாட்டான், அந்தப் பேச்சு வரும்போது அவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். பொலிசுக்குப் போகுமோ என்று பயந்து மறைக்க வேண்டாம், டாக்டர் கேட்பது மருந்துக்காக. அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும், போதைப்பொருள் பற்றி 1927க்கும் அழைக்கலாம். செத்துப்போகிறேன் என்றாலோ, காதில் கேட்கிற குரல் யாரையாவது அடிக்கச் சொல்கிறது என்றாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். கோடாங்கி பார்க்க வேண்டும், கயிறு கட்ட வேண்டும் என்றால் கட்டட்டும், எங்கள் அம்மாவும் கட்டினார், அவருக்கு அதில் ஒரு ஆறுதல். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிப்போடுவது, மாத்திரையை நிறுத்துவது, இந்த நான்கும் கூடாது என்று முன்னாடியே பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள்.

கல்யாணம் இப்போது வேண்டவே வேண்டாம். நோய் அடங்கி, அவன் தானாக வேலைக்குப் போய் வந்து, அவனுக்கே விருப்பம் இருந்தால் அப்போது பார்க்கலாம், அப்போதும் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான். என் தம்பிக்கு ஒரு சம்பந்தம் வந்தபோது மறைத்து முடித்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள், அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்லி அப்பாவிடம் எடுபடாது என்றால், அடுத்த கிளினிக்குக்கு அவரையே அனுப்பி, மாத்திரையைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் டாக்டரிடம் அவர் வாயாலேயே கேட்க வையுங்கள்.